கல்லூரியில் 1,460 யார்டு ஓடிய மகன்: படிப்பை முடிப்பதா, டிராஃப்ட்டுக்குப் போவதா?

அட்லாண்டாவின் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அவருடைய மகனுக்கு 21 வயது. பெரிய கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழக அணிகளின் போட்டிக் குழு) எதிலும் இல்லாத ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பொருளியல் படிக்கிறார். அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் தடுப்பை ஊடுருவி ஓடுபவர். இந்தப் பருவத்தில் 240 முறை பந்தைச் சுமந்து 1,460 யார்டு ஓடியிருக்கிறார். "ஆலோசகர்" என்று அறிமுகமான ஒருவர், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் மூன்றாம் சுற்றுக்குள் எடுக்கப்படுவது உறுதி என்கிறார். பயிற்சிக்கும் தங்குமிடத்துக்கும் 60,000 டாலர் கடனாகத் தருவதாகவும், பிறகு ஒப்பந்தப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். பட்டம் வாங்க இன்னும் இரண்டு செமஸ்டர் இருக்கிறது. அதை முடித்துவிட்டு எதையும் செய்யட்டும் என்பது தந்தையின் நிலை. ரன்னிங் பேக்கின் கால்களுக்கு ஆயுள் குறைவு, ஒரு வருடம் காத்திருப்பது ஒரு வருடச் சம்பளத்தை இழப்பது என்பது மகனின் வாதம். தாய் கேட்பவை இவை: இவ்வளவு யார்டு ஓடியவன் தொழில்முறையில் வெற்றி பெறுவான் என்று நம்பலாமா? தேர்வாகாவிட்டால் கல்லூரிக்குத் திரும்பலாம்தானே? தேர்வானால் நான்கு வருடப் பணம் உறுதிதானே? தலையில் அடிபட்டால் லீக்கின் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறதாமே? பெற்றோர் கையெழுத்துப் போடாமல் இருந்தால் இதை நிறுத்த முடியுமா? அந்தக் கடனை வாங்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடனைப் பற்றி நீங்கள் கடைசியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகளுக்கு ஜனவரி வரை நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

அந்த 60,000 டாலர்

வாங்க வேண்டாம். விளையாட்டு முகவர்களை ஒழுங்குபடுத்த 2004-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், ஒப்பந்தத்துக்கு முன்பாக ஒரு கல்லூரி வீரருக்கு மதிப்புள்ள எதையும் கொடுத்து அவரை இழுப்பதை ஏஜென்ட்டுகளுக்குத் தடை செய்கிறது. அந்தத் தடை கடனையும் சேர்த்தே சொல்கிறது. வேறொருவர் தரும் கடனுக்கு ஏஜென்ட் ஜாமீன் நிற்பதும் கூடாது. எனவே அந்த ஆலோசகர் ஏஜென்ட்டாகவோ ஏஜென்ட்டுக்காக ஆள் பிடிப்பவராகவோ இருந்தால், அவர் நீட்டும் பணமே அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடுகிறது. எதிர்கால விளையாட்டு வருமானத்தை நம்பி அவரிடம் கடன் வாங்கினால் உங்கள் மகனின் கல்லூரி ஆட்டத் தகுதியும் பறிபோகக்கூடும்.

இதில் பல குடும்பங்கள் குழம்புகின்றன. பெயர், உருவம் ஆகியவற்றை வைத்து விளம்பர வருமானம் ஈட்டவும், அதற்காக ஒரு பிரதிநிதியை வைத்துக்கொள்ளவும் 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்களுக்கு அனுமதி உண்டு. என்.எஃப்.எல். ஒப்பந்தம் பேசுவதற்கு ஒருவரை அமர்த்துவது முற்றிலும் வேறு விஷயம். அதற்கு வாய்மொழியாகச் சம்மதம் சொன்னாலும் தகுதிக்கு ஆபத்துதான். ஒரே மனிதர் இரண்டு வேலைகளையும் செய்வதாகச் சொல்லி, விளம்பர ஒப்பந்தம் என்ற தலைப்பில் ஒரு தாளை நீட்டி, அதன் நான்காம் பக்கத்தில் "எதிர்காலத் தொழில்முறைப் பிரதிநிதித்துவம்" என்று ஒரு பத்தியைச் செருகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்களிடம் ஏதாவது தாள் வந்திருந்தால் தலைப்பை நம்பாமல் கடைசி வரி வரை படியுங்கள். பல மாநிலங்களின் முகவர் சட்டங்கள் கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய மாணவருக்கு உரிமை தருகின்றன. ஆனால் ரத்து செய்துவிட்டால் போன தகுதி திரும்பி வரும் என்று அதற்குப் பொருளில்லை.

என்.எஃப்.எல். அணிகளுடன் பேரம் பேச வீரர் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற ஏஜென்ட்டுகளுக்கு மட்டுமே அனுமதி. இவர் பெயர் அந்தச் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சங்கத்தின் விதிப்படி ஏஜென்ட்டின் பங்கு ஒப்பந்தத் தொகையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனியாக எழுதிக்கொள்ளாவிட்டால் 1.5 சதவீதம்தான்.

1,460 யார்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

நான் வழக்கறிஞன், பயிற்சியாளன் அல்லன். ஆனால் ரன்னிங் பேக்குகளின் ஒப்பந்தங்களைப் படித்துப் படித்து ஒன்றைப் புரிந்துகொண்டிருக்கிறேன்: கல்லூரியில் எவ்வளவு ஓடினார் என்பதைக் கொண்டு தொழில்முறையில் எவ்வளவு ஓடுவார் என்று சொல்வது அணியில் வேறு எந்த இடத்தில் ஆடுபவரை விடவும் இவர்களுக்குக் கடினம்.

வரலாற்றைப் பாருங்கள். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை இரண்டு முறை வென்ற ஒரே வீரர் ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின். சின்சினாட்டி அணி 1976-இல் அவரை முதல் சுற்றில் எடுத்தது. தொழில்முறையில் ஒரு பருவத்தில்கூட அவர் 1,000 யார்டைத் தொடவில்லை. விஸ்கான்சினில் 6,000 யார்டுக்கும் மேல் ஓடி 1999-இல் அதே கோப்பையை வென்ற ரான் டேய்னும் அப்படித்தான். 2012-இல் ஒட்டுமொத்தத்தில் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்ட அலபாமாவின் டிரென்ட் ரிச்சர்ட்சனை கிளீவ்லாந்து அணி அடுத்த ஆண்டே வேறு அணிக்குத் தள்ளிவிட்டது. உங்கள் மகனைப் போலவே பெரிய கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடியவர் என்பதால் சான் டியேகோ ஸ்டேட்டின் டானல் பம்ஃப்ரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரியில் 6,405 யார்டு ஓடியவர்; பிலடெல்ஃபியா 2017-இல் நான்காம் சுற்றில் எடுத்தது; என்.எஃப்.எல். பருவ ஆட்டம் எதிலும் பந்தைச் சுமக்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

இதை வைத்து மனம் தளரவும் வேண்டாம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டெரல் டேவிஸ் 1995-இல் ஆறாம் சுற்றில், 196-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவர் 1998-இல் டென்வருக்காக 2,008 யார்டு ஓடினார். இன்று தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். எந்த அணியும் எடுக்காத ஏரியன் ஃபாஸ்டர் 2010-இல் 1,616 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். டொலீடோ என்ற நடுத்தரப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்றாம் சுற்றில் வந்த கரீம் ஹண்ட் 2017-இல் முதல் ஆண்டிலேயே அந்த முதலிடத்தைப் பிடித்தார். கல்லூரி எண்ணும் டிராஃப்ட் சுற்றும் மட்டும் வைத்துக்கொண்டு இவர்களில் யார் நிற்பார், யார் விழுவார் என்று முன்கூட்டிச் சொல்லியிருக்கவே முடியாது.

காரணம், ஓட்டக்காரரின் எண்ணில் பாதி அவர் முன்னால் நிற்கும் ஐந்து தடுப்பாளர்களுடையது. சேக்வான் பார்க்லி 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக ஒரு சுமப்புக்கு 3.9 யார்டுதான் எடுத்தார். அடுத்த ஆண்டு, ஒரு வயது கூடிய பிறகு, பிலடெல்ஃபியாவின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் அதே மனிதர் 5.8 யார்டு வீதம் 2,005 யார்டு ஓடினார். கல்லூரி மைதானத்தின் அமைப்பும் ஒரு காரணம். ஆட்டம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ஹாஷ் கோடுகள் இரண்டுக்கும் நடுவே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு கோட்டருகே வைக்கப்பட்டால் மறுபக்கம் ஒரு பெரிய வெட்டவெளி கிடைக்கிறது. பக்கவாட்டில் வேகமாகச் சுற்றி ஓடுபவருக்கு அது வரப்பிரசாதம். தொழில்முறையில் அந்த வெளி சுருங்கிவிடுகிறது, தடுக்க வருகிறவர்களும் வேகமானவர்கள்.

எனவே உங்கள் மகனின் யார்டுகளை எண்ணாதீர்கள், அவருடைய ஆட்டக் காட்சிகளைப் பாருங்கள். அவர் பந்து இல்லாமல் நிற்கும் காட்சிகளைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு யார்டு தேவை, குவார்ட்டர்பேக் பந்தை வீசப் பின்வாங்குகிறார். நடு இடைவெளி வழியாக 240 பவுண்டு எடையுள்ள எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கர் ஒருவர் நேராகப் பாய்கிறார். அந்த நொடியில் உங்கள் மகன் அவரை முன்கூட்டியே அடையாளம் கண்டு, முழங்காலை மடக்கி, மார்பில் மோதி நிறுத்துகிறாரா, அல்லது தோளைக் கொடுத்துவிட்டு நழுவவிடுகிறாரா? இதைச் செய்யத் தெரியாத புதியவரை, என்ன வேகம் இருந்தாலும், தொழில்முறைப் பயிற்சியாளர்கள் களமிறக்கத் தயங்குவார்கள். பல கோடி டாலர் குவார்ட்டர்பேக் அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். பந்தைப் பிடிக்கும் திறனும், முதல் மோதலுக்குப் பிறகு எத்தனை யார்டு கூடுதலாகப் போகிறார் என்பதும் அடுத்து வருகின்றன. இவை எவையும் 1,460 என்ற எண்ணில் தெரியாது.

மூன்றாம் சுற்று உறுதி என்று எவராலும் சொல்ல முடியாது. லீக்கின் ஆலோசனைக் குழு, முன்கூட்டியே வர நினைக்கும் வீரர்களை மதிப்பிட்டு முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கல்லூரியிலேயே இரு என்ற மூன்று பதில்களில் ஒன்றைத் தருகிறது. கல்லூரிப் பயிற்சியாளர் மூலம் கேட்கலாம், கட்டணம் கிடையாது. மூன்றாம் சுற்று என்றொரு பதிலே அந்தக் குழுவிடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த இடத்து ஆட்டக்காரர்களின் சந்தையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2013, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் தேர்வாகவில்லை. 2025-இல் போய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டி ஆறாவது ஆளாகப் போனார். அவரும் பெரிய கான்ஃபரன்ஸ் ஆள் அல்லர், ஆனால் அவர் முந்தைய பருவத்தில் ஓடியது 2,601 யார்டு.

மகன் சொல்வதில் உள்ள நியாயம்

உங்கள் கணவரின் கோணம் எனக்குப் புரிகிறது. படிப்பைப் பாதியில் விடுவது நம் வீடுகளில் ஒரு குடும்பத் தோல்வியாகவே பார்க்கப்படும். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கும் உறவினர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் மகன் சொல்லும் கணக்கு பொய்யல்ல. டிராஃப்ட்டில் வரும் ஒவ்வொருவரின் முதல் ஒப்பந்தமும் நான்கு ஆண்டுகள். தொகை ஏறக்குறைய சுற்றைப் பொறுத்தே அமைகிறது. மூன்றாம் பருவம் முடியும்வரை திருத்திப் பேச முடியாது. 22 வயதில் நுழைந்தால் 26 வயதில்தான் சுதந்திரமாக விலை பேசலாம். அந்த வயதில் குவார்ட்டர்பேக்குக்குத் தொழில் அப்போதுதான் தொடங்குகிறது; ரன்னிங் பேக்கை அணிகள் பழைய சரக்காகப் பார்க்கத் தொடங்குகின்றன. 2018-இல் 4.5 கோடி டாலர் உத்தரவாதத்துடன் ஒப்பந்தம் பெற்ற டாட் கர்லியை, முழங்கால் தேய்ந்த நிலையில், 2020 மார்ச்சில் அவருடைய அணி விடுவித்தபோது அவருக்கு வயது 25. டெரிக் ஹென்றி 2024-இல் 30 வயதில் 1,921 யார்டு ஓடினார் என்று யாராவது சொல்வார்கள். உண்மை, ஆனால் அவர் விதிவிலக்கு.

ஜேம்ஸ் ராபின்சனின் கதையை மகனோடு சேர்ந்து படியுங்கள். இல்லினாய் ஸ்டேட்டில் ஆடியவர், யாரும் எடுக்கவில்லை, 2020-இல் ஜாக்சன்வில் அணியில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைக்குச் சேர்ந்து அந்தப் பருவத்திலேயே 1,070 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் குதிகால் தசைநார் அறுந்தது. பெரிய ஒப்பந்தம் வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆட்டத்தில் வெற்றி, பணத்தில் வெற்றி இரண்டும் இந்த இடத்து ஆட்டக்காரருக்கு ஒன்றல்ல.

ஆயினும் மகனின் வாதத்தில் ஒரு பகுதி பழையதாகிவிட்டது. "கல்லூரியில் இலவசமாக ஏன் அடி வாங்க வேண்டும்" என்ற கேள்வி பத்தாண்டுகளுக்கு முன் அசைக்க முடியாதது. கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, அதில் சேரும் பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். உங்கள் மகனின் பல்கலைக்கழகத்திடம் அவ்வளவு இருக்காது. ஆனால் 1,460 யார்டு ஓடியவரை வேறு பெரிய பல்கலைக்கழகங்கள் அழைக்கக்கூடும். டிராஃப்ட்டில் ஏழாம் சுற்றில் வருபவருக்கு உறுதியாகக் கைக்கு வரும் கையெழுத்துத் தொகை ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்தான். எடுக்கப்படாமல் சேர்பவருக்கு அதைவிட மிகக் குறைவு. மூன்றாம் சுற்றில் அது பத்து லட்சம் டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அதனால் என் கருத்து இது: குழுவின் பதில் இரண்டாம் சுற்று என்று வந்தால் மகனைத் தடுக்காதீர்கள். "கல்லூரியிலேயே இரு" என்று வந்தால், இன்னொரு ஆண்டு ஆடுவது பணத்திலும் நட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு, பட்டமும் கைக்கு வரும்.

காத்திருப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். சவுத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோர் 2012-இல் கல்லூரி ஆட்டத்தில் முழங்கால் சிதைந்து, நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டும் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் ஓய்வு பெற்றார். மகன் கல்லூரியில் தொடர்வதானால், ஆட்டத்தை முழுதாக முடக்கும் காயத்துக்கான காப்பீடும், டிராஃப்ட் மதிப்பு சரிவதற்கான காப்பீடும் பற்றி விசாரியுங்கள். பின்னதில் பழைய காயங்கள் விலக்கப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த முழங்கால் அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதே முழங்கால் விலக்குப் பட்டியலில் இருந்தால் அந்தப் பாலிசிக்குப் பிரீமியம் கட்டுவது வீண்.

நீங்கள் உறுதி என்று நினைக்கும் மூன்று விஷயங்கள்

தேர்வாகாவிட்டால் திரும்பலாம் என்பது சரியல்ல. கூடைப்பந்துக்கு அப்படி ஒரு விதிவிலக்கு உண்டு, ஃபுட்பாலில் இல்லை. டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுக்க ஜனவரி நடுவில் வரும் கெடு முடிந்து 72 மணி நேரத்துக்குள், ஏஜென்ட்டிடம் கையெழுத்திடாத நிலையில், பெயரைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு முடியாது. மாணவராகப் போய்ப் பட்டத்தை முடிக்கத் தடையில்லை, ஆட்டம்தான் போய்விடும்.

நான்கு வருடப் பணம் உறுதி என்பதும் சரியல்ல. பிற்சுற்று ஒப்பந்தங்களில் கையெழுத்துத் தொகையைத் தவிர மிகச் சிறிய பகுதிக்குத்தான் உத்தரவாதம். மீதிச் சம்பளம் அணியில் இருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் சேர்ந்து வருவது. பயிற்சி முகாமுக்கு 90 பேர் வருவார்கள், பருவம் தொடங்கும்போது 53 பேர்தான் அணியில் இருப்பார்கள். 2025-இல் புதியவருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர் என்று நாளிதழில் படிக்கும்போது, அது அந்த 53 பேருக்கு என்பதை நினைவில் வையுங்கள். லீக்கின் ஓய்வூதிய உரிமைக்கும் மூன்று பருவங்கள் கணக்கில் ஏற வேண்டும்; சராசரி ரன்னிங் பேக் மூன்று ஆண்டுகூட நிற்பதில்லை என்று பரவலாகச் சொல்லப்படுவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மூளைக் காயத்துக்கான இழப்பீட்டுத் திட்டம் உங்கள் மகனுக்குப் பொருந்தாது. வேறொரு வழக்கின் சமரசமாக உருவான அந்தத் திட்டம் 2014 ஜூலை 7-க்கு முன் ஓய்வு பெற்ற வீரர்களுக்கானது. மருத்துவர் ஒருவர், ஆய்வு செய்யப்பட்ட 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள மூளைச் சிதைவு நோயான சி.டி.இ. இருந்ததாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். 2017-இல் வெளியான அந்த எண் சரியானதே. ஆனால் அவை பெரும்பாலும் அறிகுறிகளைக் கண்டு சந்தேகித்த குடும்பங்கள் தானமாகத் தந்த மூளைகள், ஆகவே எல்லா வீரர்களின் விகிதமும் அதுவே என்று கொள்ளக் கூடாது. ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மகனுக்கு இதுவரை எத்தனை முறை தலையில் அடிபட்டது என்ற மருத்துவப் பதிவுகளைக் கல்லூரியிடமிருந்து இப்போதே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியை விட்டு வெளியேறிய பிறகு அதைப் பெறுவது அலைச்சல்.

பெற்றோரின் கையெழுத்து

உங்கள் மகன் சட்டப்படி வயது வந்தவர். பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால் டிராஃப்ட்டுக்கு வர லீக்கின் விதி அனுமதிக்கிறது. அந்த விதியை எதிர்த்து மாரிஸ் கிளாரெட் என்ற கல்லூரி வீரர் தொடுத்த வழக்கு 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றது, ஆனால் உங்கள் மகன் அந்த வரம்பைக் கடந்துவிட்டார். நீங்கள் கையெழுத்து மறுப்பதால் எதுவும் நிற்காது. நிறுத்தக்கூடிய அதிகாரம் இருப்பதாகப் பேசினால், தாள்களை உங்களிடம் காட்டாமல் கையெழுத்திடும் நிலைக்கே மகன் போவார். இப்போதைக்கு அவர் உங்களிடம் எல்லாவற்றையும் காட்டுகிறார் என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மகன் கல்லூரியில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்குப் போய், ஆலோசகர் பேசியதையும் கடன் தருவதாகச் சொன்னதையும் மறைக்காமல் தெரிவித்து, குழுவின் மதிப்பீட்டைக் கேட்டு விண்ணப்பிக்கட்டும். ஆலோசகருக்கு உங்கள் மகன் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் போகட்டும்: கடன் வேண்டாம், சான்றிதழ் எண்ணைத் தெரிவியுங்கள், இதுவரை எதற்கும் சம்மதிக்கவில்லை என்ற மூன்று வரிகள் போதும். பதில் மின்னஞ்சலில் வராமல் தொலைபேசியில் வந்தால், அவர் சொன்னதை நாள், நேரத்தோடு அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.